படுகளத்தில் ஜப்பான் வேஷக்காரன்

என் புருஷன் என்னைவிட அழகி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சேலை கட்டி, சவுரி வைத்து, அரிதாரம் பூசிக்கொண்டு அவர் கூத்துக் களத்தில் வந்து நின்றால், எங்கள் இருவரையும் பக்கத்தில் பார்க்கிற எவனும் அவருக்குத்தான் பூ வாங்கிக் கொடுப்பான். நான் கறுப்பு, குட்டை, குரல் வேறு தகர டப்பா. ஆனால் வாய் என்னுடையது. அழகு அவர் பங்கு, சண்டை என் பங்கு என்று கல்யாணமான மாதமே பிரித்துக்கொண்டோம்.

அவர் பெயர் பச்சியப்பன். பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கருப்பண்ணன் வாத்தியாருடைய கூத்து ஜமாவில் பெண் வேஷம் எல்லாம் அவருக்குத்தான். சுபத்திரை, சித்திராங்கதை, எல்லாவற்றுக்கும் மேலே திரௌபதி. பகலில் மற்ற ஆண்களைப் போல மண்வெட்டி எடுத்துக்கொண்டு கூலிக்குப் போவார். சோளக் கொல்லையில் அவர் ஓட்டுகிற ஏரை யாரும் குறை சொல்ல முடியாது. ஊருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள், "உங்க வூட்டுல யாரு செல்லி கோலம் போடறது? நீயா, அவளா?" அவள் குடத்தைப் பிடுங்கிக் கல்லில் ஒரு போடு போட்டேன். நெளிந்த குடத்தோடு அவள் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு என் காது கேட்க யாரும் கேட்பதில்லை.

அவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். மணியக்காரர் சென்னப்பன் இருக்கிறாரே, ஊருக்கே அதிகாரி, வரி வசூலிக்கிறவர், அவர் தெருவில் என் புருஷனைப் பார்த்தால், "என்னா துரோபதை, தலைக்குக் குளிச்சியா?" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "கும்புடறேனுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பி ஒரு வார்த்தை கேட்டால் என்ன, நாக்கு அழுகிவிடுமா என்று சத்தம் போடுவேன். "அவுங்க சொல்றது பொய் இல்லியே செல்லி. எந் தாடையப் பாரு. ஆம்பளையாவும் இல்லாம பொம்பளையாவும் இல்லாம" என்பார்.

அந்தத் தாடைதான் அவருக்குக் குறை. சதுரமான, உழைக்கிறவனுடைய தாடை. எவ்வளவு மஞ்சள் அரிதாரம் பூசினாலும் அது மறையாது. அதனால் களத்தில் நிற்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து வாயோடு சேர்த்து மூடிக்கொள்வார். பார்க்கிறவர்கள் அதை நாணம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், அது நாணமில்லை, பயம்.

அந்தப் பயத்தைப் போக்கிய இரண்டு படங்களும் என் வழியாகத்தான் வந்தன. அப்போது நான் ஏற்காட்டு மலையிலிருந்து பொம்மிடி ஸ்டேஷனுக்குத் தலைச்சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர், சண்டை வரப்போகிறது என்று சீமைக்குத் திரும்பினார். அவருடைய சாமான்களை எங்கள் கூட்டம்தான் இறக்கியது. ஸ்டேஷனில் ஒரு பெட்டி கைநழுவி விழுந்து உள்ளே பீங்கான் எல்லாம் நொறுங்கிவிட்டது. பட்லர் கத்தித் தீர்த்துவிட்டு, உடைந்ததையும், இடுக்கில் திணித்திருந்த வைக்கோலையும் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னான். காகிதம் துணி மாதிரி மெத்தென்று இருந்தது. அடுப்படிச் சுவரில் ஒட்டலாம் என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் இரண்டு தாள்களில் படம். ஒன்றில் பெரிய முகமாக ஒரு ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு, மார்புத் துணியிலிருந்து இரண்டு கையையும் வெளியே நீட்டி, விரலை விறைத்துக்கொண்டு நிற்கிறான். முகமெல்லாம் வெள்ளை, கண்ணோரத்தில் சிவப்புக் கோடு. ஒரு கண் நேராகப் பார்க்கிறது, இன்னொரு கண் மூக்கைப் பார்க்கிறது. அடுத்ததில் ஒரு பெண்பிள்ளை. கொண்டையில் சீப்பு, சின்ன வாய், நீண்ட மூக்கு. அவளுக்குப் பின்னால் காக்காப்பொன் அரைத்துப் பூசியது போலத் தாள் மினுங்கியது.

என் புருஷன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கூழ் ஆறிப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னாங்க, அப்புடிப் புடிச்சிருந்தா சொல்லுங்க. பாக்கு வெத்தல மாத்திட்டு வரேன். அடுப்படியில அவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா" என்றேன்.

"இது பொம்பள இல்ல செல்லி."

"கொண்ட போட்டிருக்கா. பூ வச்சிருக்கா."

"நானும்தான் வைக்கிறேன். நெத்திக்கு மேல பாரு. ஒரு துணி வச்சிருக்கான், ஊதாவுல. அது எதுக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தன் முன்னந்தலையில் வைத்தார். அந்தக் காலத்து ஆண்களைப் போல அவரும் முன்பக்கம் மழித்துப் பின்னால் குடுமி வைத்திருந்தார். பெண் வேஷம் கட்டும்போது மழித்த இடம் தெரியாமல் இருக்க ஒரு கறுப்புத் துணியை அழுத்திக் கட்டி அதன்மேல்தான் சவுரி வைப்பார். வேஷக் கொட்டகைக்குள் பெண்கள் போகக்கூடாது என்பதால் அதை நான் பார்த்ததில்லை. துவைத்துக் காயப்போட்டது மட்டும் உண்டு.

"இவனும் மழிச்சவன். எங்கியோ ஒரு ஊர்ல இவனும் துணி கட்டித்தான் வேசம் போடறான்" என்றார். பிறகு விரலைக் கீழே கொண்டு வந்தார். "தாடையப் பாரு."

பார்த்தேன். பெண்ணின் வெள்ளை முகத்துக்குள்ளே தடித்த ஆண்தாடை ஒன்று இருந்தது. வயதான ஆளாக இருக்க வேண்டும், கழுத்தில் சதை மடிந்திருந்தது. வரைந்தவன் நினைத்திருந்தால் இழைத்து மெல்லிசாக்கியிருக்கலாம். செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி வரைந்து, பின்னால் காக்காப்பொன்னும் பூசியிருந்தான்.

"வரைஞ்சவனும் மறைக்கல, இவனும் மறைக்கல. எவ்ளோ திமிரு பாரு இவனுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழவும் செய்தார். எனக்கு அப்போதுதான் அந்தக் காகிதத்தின்மேல் பிரியம் வந்தது. அடுப்படியில் ஒட்டுகிற பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

அரிதாரப் பெட்டி மூடியின் உட்புறத்தில் இரண்டு படத்தையும் வேலமுள்ளால் குத்தி வைத்தார். வாத்தியார் முதலில் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். துச்சாதனன் கட்டுகிற சென்றாயன் அந்தக் கோபக்காரப் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு கண்ணை நேராகவும் ஒரு கண்ணை மூக்குக்கும் ஓட்டப் பழகிவிட்டான். முதல்நாள் அவன் அப்படி விழித்தபோது முன்வரிசைக் குழந்தைகள் அத்தனையும் வீறிட்டு அழுதன. என் புருஷன் பழகியது வேறு. களத்துக்குப் போகுமுன் பெட்டியைப் பார்த்து, "வரேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவார். முந்தானையை இழுத்து மூடுவதை விட்டார். தாடையை நிமிர்த்திக்கொண்டு, அவையைப் பார்த்து திரௌபதி கேட்கிற கேள்வியைக் கேட்பார். அதுவரை அவர் கட்டிய திரௌபதி அழுகிறவள். இவள் கேட்கிறவள். தீர்த்தமலைப் பக்கம் இருந்தெல்லாம் பாக்கு வைத்து அழைக்க வந்தார்கள்.

சில வருஷம் இப்படி நன்றாகவே போயிற்று. ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்ட வருஷம்தான் வினை வந்தது. மதராஸே காலியாகிறது என்றார்கள். ஒவ்வொரு ரயிலிலும் பெட்டி படுக்கையோடு ஜனம் வந்து பொம்மிடியில் இறங்கியது. அப்படி எங்கள் ஊரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர் ஒரு மதராஸ்காரர். பீங்கான் சாமான் விற்கிற பெரிய கடையில் வேலை பார்த்தவராம். எங்கள் ஊர் திரௌபதி கோயிலில் அப்போது பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. துரியோதனன் விழுகிற படுகளத்தோடுதான் அது முடியும். பொழுது போகாமல் வேஷக் கொட்டகைக்கு வந்த மனுஷர் பெட்டி மூடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் மோர் கொண்டுபோய் ஓலைத் தட்டிக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"இது ஜப்பான் படமாச்சே! எங்க கடைக்கு வந்த ஜப்பான்காரர் ஒருத்தர் இந்த மாதிரி வச்சிருந்தாரு. அங்க கபுகின்னு ஒரு நாடகம், அதுல நடிக்கிறவங்க படம். மரப்பலகையில செதுக்கி, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பலகைன்னு அச்சுப் போட்டுக் கடையில விப்பாங்களாம்."

"கூத்தாடி படத்தையா?" என்று என் புருஷன் கேட்டார். "கூத்தாடி படத்தைக் காசு குடுத்தா வாங்குவாங்க?"

"போட்டி போட்டு வாங்குவாங்களாம். அங்கயும் பொம்பளை மேடை ஏறக்கூடாது, ஆம்பளைதான் பொம்பளை வேஷம். அவன் எப்படித் துணி கட்றானோ அப்படித்தான் ஊர்ப் பொண்ணுங்க கட்டுவாங்கன்னு சொன்னாரு."

இவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மதராஸ்காரர் போகும்போது, "இந்தச் சமயத்துல இதை வெளியில சொல்லாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சொல்லாமல் இருக்கிற ஆளா? இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷர், திறக்கக்கூடாத நேரத்தில் திறந்தார். மறுநாள் கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும், "எங்கண்ணன் ஜப்பான்காரன்! அங்க இந்த வேசத்துக்கு என்னா மருவாதி தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் எந்தப் பக்கம் வருகிறான் என்று ஊரே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. இவருக்கு சண்டையும் தெரியாது, குண்டும் தெரியாது. ஜப்பான் என்றால் அந்தத் தாடை, அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே மணியக்காரர் தலையாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எதிரி நாட்டுப் பேச்சு பேசுகிறவர்களைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தாலுகாவிலிருந்து உத்தரவு வந்திருந்தது. மனுஷருக்கு நிஜமாகவே பயம். பயந்தவர்கள்தான் ரொம்பக் கத்துவார்கள்.

"எங்க அந்தப் படம்? எடு வெளிய! நாளைக்கு இன்ஸ்பெக்டரு வந்து எங் கையில வெலங்கு மாட்டணும், அதானே உங்களுக்கு?"

பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். வாத்தியார் கருப்பண்ணன் புத்திசாலி. பதற்றமே இல்லாமல், "இது நம்ம அம்மன் படமுங்க. வடக்க எங்கியோ அச்சடிச்சது. அந்தக் கோவக்காரன் துரியோதனன். பூசையில வைக்கிறதுங்க, கெடுதல் ஒண்ணும் இல்ல" என்றார்.

மணியக்காரர் குனிந்து பார்த்தார். கொண்டை, சீப்பு, வெள்ளை முகம். அம்மன் என்றதும் அவர் கை தானாகவே செருப்பைக் கழற்றப் போயிற்று. காரியம் முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது என் புருஷன் பேசினார்.

"அம்மன் இல்லீங்க."

"பச்சியப்பா, சும்மா இரு" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க வாத்தியாரே. ஆம்பளயப் போயி அம்மன்னு சொன்னா எப்புடி? இது வேசக்காரனுங்க. ஜப்பான்காரன். என்னாட்டம் பொம்பள வேசம் போடற ஆம்பள."

அந்த இடத்திலேயே அவரை உதைக்கலாம் போலிருந்தது எனக்கு. மணியக்காரரின் முகம் கறுத்தது. செருப்பைக் கழற்றப் போனதை நாலு பேர் பார்த்துவிட்டார்களே, அந்தக் கோபம் வேறு. "அப்ப இதுவும் உன்ன மாதிரி ஒரு பொட்டதானா?" என்று கேட்டுக்கொண்டே முள்ளோடு பிய்த்து இரண்டு படத்தையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். தாளின் ஓரம் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. "படுகளம் முடியட்டும். மறுநாளே போலீசு ஸ்டேசனுக்குக் கொண்டுபோயிக் குடுத்துப்புடறேன். அவுங்களே கொளுத்தட்டும். இனிமே அந்த மூஞ்சிய இந்த ஊருல நான் பாக்கக்கூடாது" என்றார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கேட்டேன், கெஞ்சினேன், பிறகு திட்டவும் திட்டினேன். அவர் மனைவி ராமக்கா வெளியே வந்து, "போ செல்லி, அவுரு பயந்து கெடக்கறாரு, இப்ப எதுவும் காதுல ஏறாது" என்றாள். நல்ல பெண்பிள்ளைதான். ஆனால் நல்லவளாக இருந்து எனக்கு என்ன ஆயிற்று?

என் புருஷனிடம் போய், ஓலைத் தட்டிக்கு இப்புறம் நின்றே ஒரு பாட்டம் கத்தினேன். "ஒரு வார்த்த வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா படம் தங்கியிருக்கும். அம்மன்னு சொன்னா என்னா கொறஞ்சுது?"

"அம்மன்னு சொன்னா அவன் இல்லாமப் போயிருவான் செல்லி" என்றார். "அவன் ஆம்பள. அவன் அதைக் கட்டறான். அதுக்கு ஒரு ஊரே மருவாதி குடுக்குது. அதை நான் பொய்யின்னு ஆக்கிட்டா, நான் யாரு?"

காப்புக் கட்டியிருந்ததால் படுகளம் வரை அவர் வீட்டுக்கு வரக்கூடாது, கோயிலிலேயே படுக்க வேண்டும். துகிலுரிதலன்று திரௌபதி தலையை விரித்துப்போட்டு, துரியோதனன் ரத்தம் தொட்டுத்தான் கூந்தல் முடிவேன் என்று சபதம் செய்வாள். அந்த வேஷம் கட்டியவர் அதன் பிறகு தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, யாரோடும் சிரிக்கக்கூடாது. இவர் யாரோடும் பேசவேயில்லை. பழையபடி முந்தானையை மூடிக்கொண்டுவிட்டார், இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். படம் போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

படுகளத்தன்று விடிந்ததுமே ஊர் முழுக்கக் கோயிலுக்கு எதிரே உள்ள பொட்டலில் கூடிவிட்டது. களிமண்ணில் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஒரு வீடு கட்டலாம், அவ்வளவு பெரிய உடம்பு. தொடைக்குள் குங்குமம் கரைத்த கலயத்தைப் புதைத்திருந்தார்கள். பீமன் வேஷக்காரர் அடித்துக் கலயம் உடைந்ததும், வாத்தியார் அந்தச் சிவப்பைத் தொட்டு திரௌபதியின் கூந்தலில் தடவிக் கொண்டை போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் தீக்குண்டத்துக்கு நெருப்பு வைப்பார்கள். தீ மிதிக்க வேண்டிக்கொண்ட பெண்கள் மஞ்சள் சேலையில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்கள். ராமக்காவும் அதில் ஒருத்தி. அவள் மகளுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்கான வேண்டுதல்.

பீமன் அடித்தார். கலயம் உடைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். திரௌபதி களிமண் உடம்பைச் சுற்றி வந்து மார்புக்கு நேராக நின்றார். வாத்தியார் சிவந்த கையோடு கூந்தலுக்குக் கையை நீட்டினார்.

என் புருஷன் ஒரு அடி பின்னால் போனார்.

"மாட்டேன்" என்றார்.

பாட்டில் இல்லாத வார்த்தை. வாத்தியாருக்குப் புரியவில்லை. "என்னாடா?" என்று மெதுவாகக் கேட்டார். என் புருஷன் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணியக்காரரைப் பார்த்தார். முந்தானை தோளில் கிடந்தது. தாடை நிமிர்ந்திருந்தது.

"எம் படம் ரெண்டும் வரணும். அது வந்தாத்தான் கூந்தல அள்ளுவேன். போயி எடுத்தா."

ஊரே அரண்டுவிட்டது. 'ங்க' இல்லை. மணியக்காரரைப் பார்த்து, நேருக்கு நேராக, எடுத்தா. திரௌபதி வேஷத்தில் நிற்பவர் யாரையும் ஒருமையில் பேசலாம், அது வழக்கம்தான், ஆனால் பாட்டுக்குள்ளே. இப்படி அல்ல.

மணியக்காரர் எழுந்து வந்தார். "என்னா வெளையாடறியா? ஊரு காரியம்டா இது! நெருப்புப் போடணும், பொம்பளைங்க பட்டினியா நிக்கறாங்க. வாத்தியாரே, புடிச்சு முடிய்யா!"

வாத்தியார் அசையவில்லை. பொழுது ஏறிக்கொண்டிருந்தது, துரியோதனன் தொடையிலிருந்து சிவப்புத் தண்ணீர் மண்ணில் ஊறிப் போய்க்கொண்டிருந்தது. கூந்தல் முடியாமல் படுகளம் கலைந்தால் மழை வராது, மாடு தங்காது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"டேய் சென்றாயா" என்று மணியக்காரர் கத்தினார். "நீதான அன்னிக்கு அந்தத் தலையப் புடிச்சு இழுத்தவன்? இப்பப் புடி. நாலு பேரா அமுக்கிக் கொண்ட போடுங்கடா!"

சென்றாயன் கூட்டத்தில் வேஷமில்லாமல் நின்றிருந்தான். அவன் ஒரு எட்டு எடுத்து வைத்தான். நின்றான். எல்லாரும் அவன் கையையே பார்த்தார்கள். திரௌபதியின் கூந்தலை அவள் விருப்பமில்லாமல் தொட்டவனுக்கு என்ன நடந்தது என்று அந்தப் பொட்டலில் தெரியாத ஆள் கிடையாது. இத்தனை ராத்திரி கண் விழித்து அதைத்தானே பார்த்தார்கள்?

"அன்னிக்கு வேசத்துல இழுத்தேனுங்க" என்றான் சென்றாயன். "இழுக்கறதுக்கு முந்தி அந்தக் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இழுத்தேன். அப்பவும் எனக்குச் சோறு எறங்கல. இப்ப நெசமாத் தொடச் சொல்றீங்க. என்னால ஆவாதுங்க." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மணியக்காரர் தலையாரியைப் பார்த்தார். தலையாரி தரையைப் பார்த்தான்.

"வேற யாரு வரீங்க?" என்று நான் கத்தினேன். என் குரல் தகர டப்பாதான், ஆனால் பொட்டல் கடைசி வரை கேட்டது. "வாங்க! அந்த மயிர ஒருத்தன் தொடட்டும் பாக்கலாம்!"

மஞ்சள் சேலைகளுக்கு நடுவிலிருந்து ராமக்கா வந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. புருஷனிடம், "போயி எடுத்தாங்க" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எடுத்தாங்கன்னு சொல்றனே! ரெண்டு காகிதத்துக்கு நான் வேண்டுதலக் கெடுத்துக்கணுமா? தாலூக்காக்காரன் வந்தா எங்கிட்ட அனுப்புங்க" என்றாள்.

அவர் போனார். வரும்வரை ஒருவரும் உட்காரவில்லை. என் புருஷன் தலைவிரி கோலமாக வெயிலில் அப்படியே நின்றார். அரிதாரத்தை அறுத்துக்கொண்டு வியர்வை ஓடியது. தலைமுடிக்குக் கீழே கட்டியிருந்த துணி நெற்றியில் இறங்கி வெளியே தெரிந்தது. அவர் அதை மேலே தள்ளிவிடவில்லை. இந்த ஆளைத்தான் வாயில்லாதவர் என்று நான் இத்தனை வருஷம் ஏசினேன்.

மணியக்காரர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை என்னிடம் நீட்டினார். என் புருஷன், "அவ கையில வேண்டாம். விரிச்சு ஊருக்குக் காட்டு" என்றார்.

அவர் விரித்தார். பெண் வேஷக்காரன் படத்தின் ஒரு மூலை கிழிந்திருந்தது. முகம் நன்றாகவே இருந்தது. வெயில் பட்டு அந்தக் காக்காப்பொன் மினுங்கியது.

"யாரு இது? சொல்லு."

"ஜப்பான்…"

"அது ஊரு. ஆளு யாரு?"

"வேசக்காரன்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பித் தாடையைப் பார்த்தார். "ஆம்பள" என்றார் மணியக்காரர். பிறகு யாரும் கேட்காமலே, "பொம்பள வேசம் கட்டுற ஆம்பள" என்றார்.

என் புருஷன் படங்களை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வாத்தியாரிடம் தலையைக் கொடுத்தார். கருப்பண்ணன் வாத்தியார் சிவப்பைத் தொட்டுத் தடவி, அள்ளி, சுற்றி, கொண்டை போட்டுப் பூ வைத்தார். குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. தீக்குண்டத்துப் பக்கம் புகை எழுந்தது.

கூந்தல் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்தான் முதலில் திரௌபதி காலில் விழுந்து, அந்தக் கையால் நெற்றியில் குங்குமம் வாங்க வேண்டும். மணியக்காரர் விழுந்தார். மண்டி போட்டபடி நிமிர்ந்து, கண்ணில் தண்ணீரோடு, "தாயே, மன்னிச்சுரு. கேட்டது நீயின்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். ஊர் முழுக்க ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மன் கேட்டது, ஊர் கொடுத்தது, யாருக்கும் குறையில்லை. இனி யாரும் எங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

"அம்மன் கேக்கலீங்க" என்றார் என் புருஷன்.

சபதம் தீர்ந்து கூந்தல் முடிந்துவிட்டதால் பேச்சில் மரியாதை திரும்ப வந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"அம்மனுக்கு எதுக்குங்க ஜப்பான் படம்? நாந்தான் கேட்டேன். பச்சியப்பன்."

குலவை அடங்கிப் போயிற்று. இப்போது அந்தத் தலையை யார் வேண்டுமானாலும் தொடலாம், தடையில்லை. நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். அடி விழுந்தால் எனக்கும் விழட்டும் என்றுதான் போனேன்.

மணியக்காரர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போகவில்லை. மண்டி போட்டபடியே என் புருஷனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, குங்குமத்துக்கு நெற்றியைக் காட்டினார்.